சத்தம் வந்த பிறகு என்ன செய்தீர்கள்?

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்குபவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" என்றுதான். டிஸ்க்கில் மாட்டிக்கொண்ட ஃபைல்களை மீட்டுக் கொடுப்பது என் தொழில். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "பிரச்சினை ஆரம்பிச்ச பிறகு என்னென்ன பண்ணீங்க?"

இதற்கு நேரான பதில் சுலபத்தில் வராது. "ஒண்ணுமே பண்ணலை சார், அப்படியே எடுத்துட்டு வந்தேன்" என்பார்கள். உள்ளே பார்த்தால் 'ஃபவுண்ட்.000' என்று ஒரு ஃபோல்டர் உட்கார்ந்திருக்கும். அது செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவி ஓடி முடிந்த அடையாளம். பக்கத்து வீட்டுப் பையனோ யூடியூபோ ஓட்டச் சொல்லியிருக்கும். செக்டிஸ்க் நல்ல கருவிதான், ஆனால் அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, ஒழுங்குக்குக் கொண்டுவருவது. நம் ஃபைல்களைக் காப்பாற்றுவது அதன் கவலை இல்லை. படிக்க முடியாத பதிவுகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு "சரிசெய்துவிட்டேன்" என்று சொல்லிவிடும். டிஸ்க்கும் அந்த நேரம் முழுக்கச் சும்மா இருந்திருக்காது.

டிஸ்க்குக்குள் நடப்பது தெரிந்தால் இதில் உள்ள ஆபத்து புரியும். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும் தட்டுகள். அவற்றுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் மிதந்தபடி படிக்கும் முனையான ஹெட். ஓர் இடம் படிக்க வரவில்லை என்றால் டிஸ்க் தானாகவே திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அது கைவிட்டதும் விண்டோஸ் மறுபடி கேட்கும். எக்ஸ்ப்ளோரரில் காப்பி-பேஸ்ட் போட்டுவிட்டு "பச்சைக் கோடு நகரவே மாட்டேங்குது" என்று ராத்திரி முழுக்க விட்டுவைப்பார்கள். அந்த நேரமெல்லாம் ஹெட் அதே கெட்ட இடத்தில் மோதிக்கொண்டிருக்கும். டிஸ்க்கைச் சாகடிப்பது பெரும்பாலும் முதல் கோளாறு இல்லை, அதற்குப் பிறகு நாம் கொடுக்கும் வேலை.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைக் காட்டி "இதில் பாஸ்னு வருதே" என்று வாதாடுபவர்களும் உண்டு. நான் அந்த ஒட்டுமொத்தத் தீர்ப்பைப் பார்ப்பதில்லை. 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளைத்தான் பார்ப்பேன். செக்டர் என்பது டிஸ்க்கில் தகவல் பதியும் சின்னத் துண்டு. மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், தீர்மானம் ஆகாமல் நிற்கும் செக்டர்கள், திருத்தவே முடியாத செக்டர்கள். 197இல் எண் ஏறிக்கொண்டே போனால் உடனே பவரை எடுத்துவிடுவேன். அந்த வரிகள் சுத்தமாக இருந்தாலும் நிம்மதி இல்லை. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், முக்கியம் என்று அவர்கள் எடுத்துக்கொண்ட நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாதவை.

அப்புறம் வேலை. டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றி, கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளில் நேராக மாட்டுவேன். லினக்ஸில், மாட்டியதும் டிஸ்க்கைத் தானாகத் திறக்கும் ஆட்டோ மவுன்ட்டை நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் கருவி. 'எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்' என்பது ஊரில் திட்டும் வார்த்தை. இந்தத் தொழிலில் அதுதான் முறை. டிடிரெஸ்க்யூ, நன்றாகப் படிக்க வருகிற பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். கெட்ட இடங்களின் ஓரங்களைச் செதுக்குவதும், ஒவ்வொரு செக்டராகச் சுரண்டுவதும் கடைசியில்தான். எங்கே படித்தது, எங்கே விட்டது என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். நடுவில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கத்தி ஓய்ந்தாலும் பரவாயில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எல்லாம் வேறொரு நல்ல டிஸ்க்கில் இமேஜாக, அதாவது அச்சு அசலான நகலாக விழும். நோயாளி டிஸ்க்கை அதற்கு மேல் தொடுவதில்லை, தேடுவதெல்லாம் இமேஜில்தான்.

விழுப்புரம் பக்கத்துக் கல்யாண போட்டோகிராபர் ஒருவர் வந்தது நினைவுக்கு வருகிறது. ஒரு டிபி போர்ட்டபிள் டிஸ்க். சர்க்யூட் போர்டிலேயே யூஎஸ்பி சாக்கெட்டைப் பற்றவைத்த வகை, சாட்டாவில் மாட்ட வழியில்லை. ஆல்பம் இன்னும் கொடுக்கவில்லை, பெண் வீட்டார் தினமும் போன். "முகூர்த்தம் மட்டும் வந்தா போதும் தம்பி, மத்ததை நான் சமாளிச்சுக்கறேன்" என்றார். இப்படிச் சொல்கிறவர்கள் எனக்குப் பிடித்த வாடிக்கையாளர்கள். எது வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். "எல்லாமே முக்கியம்" என்பவரிடம் பேசுவதுதான் கஷ்டம்.

இமேஜ் பெரும்பாலும் வந்துவிட்டது. ஆனால் ஃபைல் பெயர்களும் ஃபோல்டர் விவரங்களும் இருக்கும் எம்எஃப்டி பகுதியிலேயே அடி. எனவே போட்டோரெக் என்ற மீட்புக் கருவி. அது பெயரைத் தேடாது. ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகளோடு தொடங்கும், அந்த ஆரம்பத்தைப் பிடித்துக்கொண்டு படத்தை மீட்கும். மெமரி கார்டிலிருந்து ஒரே மூச்சில் கொட்டிய படங்கள் டிஸ்க்கில் பெரும்பாலும் அடுத்தடுத்து இருப்பதால் நன்றாக வந்தன. திருத்தித் திருத்திச் சேமித்த போட்டோஷாப் ஆல்பம் ஃபைல்கள் துண்டு துண்டாகக் கிடந்ததால் தேறவில்லை. சில படங்களில் மணப்பெண்ணின் முகம் வரை தெளிவு, கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை.

பெயரே இல்லாத ஆயிரக்கணக்கான படங்கள், அதிலும் பல கல்யாணங்கள் கலந்தவை. இதில் எது யாருடைய முகூர்த்தம்? அவரே பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். ஆவணி மாதம், காலை 6 முதல் 7.30 வரை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதியும் நேரமும் இருக்குமே, அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் வடிகட்டினோம். முதலில் வந்ததெல்லாம் சாப்பாட்டுப் பந்தி. "அட, ரெண்டாவது கேமராவில் டைம் தப்பா இருக்கும்" என்று சிரித்தார். பந்திக்கும் தாலிக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று அவருக்கு மனப்பாடம். அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்ததும் கெட்டிமேளக் காட்சி வரிசையாக வந்தது.

எல்லாருக்கும் இப்படி அமையாது. டக் டக் என்று ஹெட் அடிக்கிற டிஸ்க்குக்கு நான் கரண்டே கொடுப்பதில்லை. அதைத் தூசியில்லாத அறை வைத்திருக்கிற லேபில்தான் திறக்க வேண்டும், செலவும் அதற்கேற்ப. ஃப்ரீசரில் வைத்து எடுத்த கதையைச் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம், உள்ளே ஈரம் பூத்தால் மிச்சமும் போகும் என்பேன். அதே மாடல் போர்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்பதும் பழைய காலத்துப் பேச்சு. இப்போதைய டிஸ்க்குகளில் அதற்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள சிப்பில் பதிந்திருக்கும், அதையும் சேர்த்து மாற்றாமல் ஓடாது. சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் பதியும் எஸ்எஸ்டி இன்னும் மோசம். சத்தம்கூடப் போடாமல் ஒரு நாள் காணாமல் போகும். அழித்த ஃபைலை மீட்கலாமா என்றால், அழித்த இடத்தைக் காலியாக்கச் சொல்லும் ட்ரிம் கட்டளை ஓடிய பிறகு அங்கே படிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. இதையெல்லாம் சொன்னால், வேலை தெரியாதவன் என்று நினைத்து அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

சில நேரம் எல்லாம் கிடைத்தும் திட்டு விழும். பத்திரிகை, நோட்டீஸ் டைப் அடித்துக் கொடுக்கும் டிடிபி சென்டர் வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு டிஸ்க்கை முழுசாகவே மீட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை போன்: "என்ன தம்பி, எல்லா ஃபைலும் கரப்ட்! பத்திரிகை மேட்டர் பூரா ஏதோ இங்கிலீஷ் எழுத்தா வருது." தமிழக அரசே 2010இல் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு வந்துவிட்டாலும், இவர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார். புது கம்ப்யூட்டரில் பாமினி இல்லை. ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுத்துரு போட்டால் தமிழாகிவிடும் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. நல்லவேளை, இமேஜை நான் இன்னும் அழிக்கவில்லை. அதில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் அவருடைய எழுத்துருக்கள் அத்தனையும் இருந்தன. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு நானே போய் நிறுவிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதிலிருந்து டிடிபிக்காரர்கள் டிஸ்க் வந்தால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் கேட்காமலே சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.