மகனின் இன்ஹேலரை நானே நிறுத்திய மாதம்

2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது என் மகனுக்கு ஆறு வயது. ஆஸ்துமா என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலையும் இரவும் ஸ்டீராய்டு இன்ஹேலர், இளைப்பு வந்தால் நீல இன்ஹேலர். ஸ்டீராய்டு எடுத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து கொரோனா சீக்கிரம் தொற்றும் என்று யாரோ சொல்ல, பயந்துபோய் நானே அதை நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ராத்திரி இருமல் தொடங்கியது. மருத்துவமனைக்குப் போன் செய்தால், மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர் இயந்திரம் வைத்தால் கிருமி காற்றில் பரவும், முடிந்தவரை இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் குழாயிலேயே கொடுங்கள் என்றார்கள். நீல இன்ஹேலரை அதில்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இருமல் ஏன் அடங்கவில்லை என்று அழுகையே வந்துவிட்டது.

முன்பு வீட்டுக்கு வந்து பார்த்துப் போகும் சுகாதாரப் பணியாளர் அக்கா அந்த வாரம் வீடியோவில் வந்தார். "எப்பவும் கொடுக்கிற மாதிரியே கொடுங்கம்மா, நான் பாக்கறேன்" என்றார். நான் இன்ஹேலரைக் குலுக்கவில்லை. இரண்டு பஃப்பையும், அதாவது இரண்டு அழுத்து மருந்தையும், சேர்த்து அடித்தேன். ஸ்பேசரின் முனையில் இருக்கும் மாஸ்க் ஒரு கன்னத்தில் தூக்கிக்கொண்டிருந்தது.

அக்கா பொறுமையாகத் திருத்தினார். நன்றாகக் குலுக்கி, மாஸ்க்கை இடைவெளி இல்லாமல் அழுத்தி, ஒரே ஒரு பஃப். ஸ்பேசருக்குள் இருக்கும் சின்ன வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்தாறு மூச்சு முடிந்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி அடுத்த பஃப். மகன் விரல் மடக்கி எண்ணினான். இரண்டு வருடமாகப் பாதி மருந்தை வீணாக்கியிருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது. ஸ்பேசரைத் துணியால் துடைப்பதும் தப்பாம். உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிட வேண்டும்.

ஸ்டீராய்டை நிறுத்தியதை அப்புறம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. அன்றே டாக்டருடன் போனில் பேச ஏற்பாடு செய்தார். மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கி வைப்பதே அந்த மருந்துதான், நிறுத்தியதுதான் ஆபத்து என்றார் டாக்டர். மறுபடி தொடங்கினோம். கிருமி பயத்தில் நான் தினமும் இரண்டு வேளை பிளீச்சிங் போட்டுத் தரை துடைத்ததும் இருமலைக் கிளப்பியிருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சோப்புத் தண்ணீருக்கு மாறினேன்.

ஆஸ்துமா எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து டாக்டர் எழுதித் தந்த தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். விலா எலும்புக்கிடையே தோல் உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பூத்தால் சிவப்பு. அப்போது கொரோனாவை நினைத்து மருத்துவமனைக்குப் போகத் தாமதிக்கவே கூடாது என்று அக்கா மூன்று முறை சொன்னார்.

சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பெற்றோர்களை ஒரே அழைப்பில் சேர்த்துவிடுவார். அதில் ஒரு நாள் புதிதாக வந்த அம்மா ஸ்பேசரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். என் மகன் திரைக்குக் கிட்டே போய், "ஆன்ட்டி, முதல்ல குலுக்கணும்" என்று தன் இன்ஹேலரை எடுத்துக் காட்டினான்.