மாமாவின் கிற்றாரில் துளை போடவில்லை

ரொறன்ரோ மாமா போன முறை ஊருக்கு வந்தபோது தன் ஆர்ச்டொப் கிற்றாரை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். வயலின் போல வளைந்த மேற்பலகை, இரண்டு எஃப் துளைகள், தந்திகளைத் தாங்கியபடி, பசை போடாமல் அவற்றின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் பிரிட்ஜ். எங்கள் குருநகர் வீட்டு விறாந்தையில் வாசித்தால் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும். கல்யாண மண்டபத்திலோ ட்ரம்ஸும் கீபோர்ட்டும் தொடங்கிவிட்டால் என் கை அசைவது மட்டும்தான் தெரியும்.

தந்தியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தப் பிக்கப் ஒன்றைப் பூட்டலாம் என்றதும், றேடியோ திருத்தும் ஓர் அண்ணை, "மேல சதுரமா வெட்டி இறக்கிவிடுவம் தம்பி" என்றார். வெட்டிப் பதித்தால் ஸ்பீக்கர் ஊளையிடுவது குறையும், உண்மைதான். ஆனால் இந்தக் கிற்றாரின் உயிரே அந்தப் பலகையின் அதிர்வு. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பலகையைத் தொடாமல், பிக்கார்டில் (தந்திகளுக்குப் பக்கத்தில் பலகைக்கு மேலே நிற்கும் தகட்டில்) தொங்கும் மெல்லிய பிக்கப்கள் இருக்கின்றன. டி ஆர்மண்ட் என்ற பிக்கப் பெயர் 1930களின் பிற்பகுதியிலிருந்தே இந்த வகைக்குப் பேர் போனது. முதலில் இடம் போதுமா என்று பார்க்கவேண்டும். பழைய ரீலோட் அட்டைகளைத் துண்டாக்கி, கழுத்து முடியும் இடத்தில் தந்திக்கடியில் ஒவ்வொன்றாகச் செருகினேன். அடுக்கை வெளியே எடுத்து அளந்தால் 17 மில்லிமீற்றர். 11 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிக்கப் தாராளமாகப் போகும்.

பிக்கப்பில் ஒற்றைக் கம்பிச் சுருளா, இரட்டைச் சுருள் ஹம்பக்கரா? ஒற்றைச் சுருளின் தெளிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் எங்கள் மண்டபங்களில் சீரியல் பல்ப், ஜெனரேற்றர், எங்கிருந்தோ இழுத்த வயர் எல்லாம் இருக்கும். இவற்றின் 50 ஹேட்ஸ் மின் உறுமலை ஒற்றைச் சுருள் அப்படியே வாங்கிக்கொள்ளும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இருப்பதால் அந்த உறுமல் ஒன்றையொன்று அடித்துவிடும். சிறிய ஹம்பக்கர் ஒன்றை மாமாவிடமே சொல்லி எடுப்பித்தேன்.

பூட்டியது ஒரு ஞாயிறு மத்தியானம். பிக்கார்டுக்கு அடியில் 500 கே (கிலோஓம்) வொலியூம், ஓரத்தில் வயர் செருகும் சொக்கெற். பிக்கார்ட் கடகடக்காமலிருக்க ஒரு துண்டு சைக்கிள் ரியூப்.

அம்ப்ளிபயரில் கொடுத்தால் ஒரே இரைச்சல். தந்தியைத் தொட்டால் அடங்குகிறது, கையை எடுத்தால் திரும்ப வருகிறது. தந்திகளுக்கு ஏர்த் இல்லை! தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் தடித்த ரெயில்பீஸில் சோல்டர் பிடிக்கவில்லை, அதனால் சொக்கெற்றிலிருந்து ஒரு வயரை இழுத்து அதன் ஆணிக்கடியில் இறுக்கினேன். சரி, அமைதி.

அடுத்த தலையிடி: உச்சச் சுருதித் தந்திகள் இரண்டும் கத்துகின்றன, தாழ்ந்த சுருதித் தந்திகள் முனகுகின்றன. பிக்கப்பை ஏற்றி இறக்கி இரண்டு நாள் வீணாகிய பிறகுதான் உறைத்தது. போட்டிருந்தவை பொஸ்பர் புரொன்ஸ், அதாவது வெண்கலம் சுற்றிய தந்திகள். வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது. சுற்றிய தந்திகளில் உள்ளே இருக்கும் உருக்குக் கம்பி மட்டும்தான் அதற்குத் தெரியும். உச்சச் சுருதித் தந்திகள் இரண்டும் முழு உருக்கு. பிக்கப்புக்குக் காசு கொடுக்குமுன் இதை யோசித்திருக்கவேண்டும்.

நிக்கல் சுற்றிய தந்திகள் வாங்கி, பிரிட்ஜ் நகராதபடி ஒவ்வொன்றாக மாற்றினேன். பிக்கப்பில் பி (இரண்டாம்) தந்திக்கு நேரே உள்ள திருகாணியை ஒன்றரைச் சுற்று கீழே இறக்கியதும் ஆறும் ஒரே உயரத்தில் பேசத் தொடங்கின. மைக் இல்லாமல் வாசித்தால் வெண்கலத்தின் மினுக்கம் கொஞ்சம் குறைவுதான், அதை மறைக்கமாட்டேன்.

கழற்றிய தந்திகளை அம்மா பாகல் பந்தல் கட்ட எடுத்துக்கொண்டார்.