வலைக்கு முன்னால்: ஒரு கோல்காப்பாளரின் குறிப்புகள்

அக்டோபர் 3
இந்தப் பருவமும் எங்கள் ஐஸ் ஹாக்கி அணிக்கு வாய்த்திருப்பது இரவு பத்தேகால் மணிப் பயிற்சிதான். மாலை நேரமெல்லாம் சிறுவர் அணிகளுக்குப் போய்விட்டது. மிச்சிகனில் பல்கலைக்கழக மகளிர் கிளப் அணி என்றால் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொள்ளலாம். தளத்துக்கு வாடகை, நடுவர் சம்பளம், வேனுக்குப் பெட்ரோல் எல்லாம் பெரும்பாலும் எங்கள் சந்தாப் பணம். விளையாட்டுக்கான உதவித்தொகையை யாரும் கனவிலும் எதிர்பார்ப்பதில்லை. பொருளாளர் இன்றும் உடைமாற்றும் அறை வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள். கடன்காரியைப் பார்த்ததுபோல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனோம்.

அக்டோபர் 18
புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். சிறுவயது முதல் பனியில் நடனம்போல் சறுக்கும் ஃபிகர் ஸ்கேட்டிங் கற்றவள், ஹாக்கி மட்டையைத் தொட்டதில்லை. அந்த ஸ்கேட்டில், அதாவது சறுக்குக் காலணியின் தகட்டில், முன்முனையில் ரம்பப் பல் போன்ற வெட்டுகள் உண்டு. ஹாக்கி ஸ்கேட்டில் முனை வழவழப்பாக வளைந்திருக்கும். பழக்கதோஷத்தில் அவள் இல்லாத பல்லை ஊன்றப் போய்த் தொப்பென்று விழுகிறாள். ஆனால் பின்னோக்கிச் சறுக்குவதில் எங்களில் யாரும் அவள் கிட்ட நிற்க முடியாது. தடுப்பாட்டக்காரிக்கு அதுதானே மூலதனம்? அவளை என் முன்னால் நிறுத்தச் சொல்லிப் பயிற்சியாளரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 1
1959-இல் இதே தேதியில்தான் மாண்ட்ரியல் அணியின் கோல்காப்பாளர் ஜாக் பிளான்ட், முகத்தில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டு, முகமூடியோடு திரும்பவும் களமிறங்கினார். முகமூடி என்றாலே எங்கே பார்த்தாலும் அவர் படம்தான். ஆனால் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழக மகளிர் அணியின் கோல்காப்பாளர் எலிசபெத் கிரஹாம் 1927-லேயே வாள்சண்டைக்கான வலை முகமூடியை மாட்டிக்கொண்டு ஆடியவர். பல்லுக்குச் செய்த வைத்தியம் வீணாகக் கூடாதென்று மாட்டினாராம். எவ்வளவு நியாயமான காரணம்! எங்கள் அறையில் ஒட்ட நான் தேர்ந்தெடுத்தது அவர் படத்தைத்தான்.

நவம்பர் 15
வெளியூர் ஆட்டம். தேர்வுக் காலம் என்பதால் வேனில் பாதி இருக்கைகள் காலி. வழக்கமாக முக்கால் நிமிடம் ஆடிவிட்டு ஆள் மாற வேண்டும். மாற ஆளில்லாததால் மூன்றாம் பகுதியில் எல்லோருக்கும் நாக்கு தள்ளிவிட்டது. எங்கள் பிரிவில் வேண்டுமென்று உடம்பால் இடித்துத் தள்ளினால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். எங்கள் முன்வரிசைக்காரியைத் தளத்தைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து நசுக்கியபோது நடுவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். 5-2 என்று தோற்றோம். ஐந்தில் மூன்று கோல்களில் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வில்லை) கிளம்பியதையே நான் பார்க்கவில்லை. எல்லோரும் என் கண்ணுக்கு முன்னால்தான் நின்றார்கள்.

டிசம்பர் 6
வென்றோம், 3-2!
உறையவைத்த பக்தான் ஆட்டத்துக்கு வரும், துள்ளாமல் வழுக்குவதற்காக. வேகமாக வந்தால் அந்த ரப்பர் வில்லை கல்தான். கடைசி நிமிடத்தில் எதிரணி கோல்காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரியை இறக்கியது. எங்கள் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலிருந்து வந்த அடிக்கு நம் ஃபிகர் ஸ்கேட்டிங்காரி பின்னோக்கிச் சறுக்கியபடியே குறுக்கே விழுந்தாள். பக் அவள் முழங்கால் காப்புக்கும் ஸ்கேட்டுக்கும் நடுவே பட்டது. இப்போது அந்த இடம் நாவல்பழ நிறம். அறையில் வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டாள். பொருளாளர் அந்தச் சூட்டிலேயே அவளிடம் டிசம்பர் சந்தாவையும் வாங்கிவிட்டாள்.