கோவில் மண்டப வகுப்புக்கு மானியம் கிடைத்த கதை

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்களுக்கு இன்னமும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917இல் மலேசியாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தோட்டம் அது. என் பாட்டி காலத்தில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று கூப்பிட்டால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பத்து பேர் வருவார்கள். இப்போது தோட்ட வேலையில் நம்மவர்கள் குறைந்துவிட்டார்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பல வீடுகளில் அப்பா அம்மா இருவருமே ரவாங் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். பள்ளி மதியம் ஒன்றரைக்கு விடும். பேக்டரி பஸ் திரும்பி வர இரவு ஏழரை ஆகும். இடையில் இருக்கும் அந்த ஆறு மணி நேரத்துக்காகத்தான் மாரியம்மன் கோவில் மண்டபத்தில் வகுப்பு ஆரம்பித்தோம்.

செவ்வாய், புதன், வியாழன், மதியம் இரண்டு முதல் ஆறு வரை. வீட்டுப்பாடம், மலாய் வாசிப்பு, சதுரங்கம். வியாழக்கிழமை மட்டும் சிலம்பம். 34 பிள்ளைகள். நான், இரண்டு அக்காமார், யுனிசெல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நான்கு மாணவர்கள். ரொட்டி, மைலோ, போட்டோஸ்டாட் என்று மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்) ஆகும். இரண்டு வருடம் கைக்காசில் ஓட்டினோம். மூன்றாவது வருடம் முடியவில்லை. மானியம் கேட்போம் என்று உட்கார்ந்தோம்.

இந்தியர்களுக்கு அரசு மானியம் என்றால் எல்லாரும் மித்ராவைத்தான் சொல்வார்கள், இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவு அது. 2014இல் செடிக் என்று ஆரம்பித்து, 2018இல் மித்ரா ஆனது. வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கியதாக ஒவ்வோர் ஆண்டும் நாளிதழில் படித்திருக்கிறோம். அது ஒன்றுதான் வழி என்றில்லை. சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு, மாநில அரசின் நிதி, யாயாசான் ஹசானா போன்ற அறவாரியங்கள் எல்லாம் இருக்கின்றன. நாங்கள் போனது வேறோர் அரசு நிதிக்கு. ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்கள் சங்கம் பதிவில் இருக்கிறதா?

எங்களிடம் சங்கம் இருந்தது. ஊர் மாமாக்கள் எப்போதோ பதிவு செய்த இயக்கம். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மண்டபத்தில் மாட்டியிருந்தார்கள். அது போதும் என்று நினைத்தோம். சங்கப் பதிவிலாகாவின் ஈரோசெஸ் தளத்தில் போய்ப் பார்த்த பிறகுதான் மூன்று வருடமாக ஆண்டறிக்கை அனுப்பவில்லை என்று தெரிந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம். எங்களில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. புதுச் சங்கம் பதிய ஏழு பேர் போதும், அதையே செய்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய பெயருக்கு ஊரில் மரியாதை இருக்கிறது, அப்புறம் வங்கிக் கணக்கும் அந்தப் பெயரில்தான் இருந்தது.

பழைய பொருளாளர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வங்கியில் கையெழுத்துப் போடும் இருவரில் அவர் ஒருவர். அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி, நாங்கள் அத்தை என்று கூப்பிடுபவர், பீரோவைத் திறந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே சங்கத்து முத்திரை, மை காய்ந்துபோய். கூடவே ஒரு பழைய பிஸ்கட் டின். அதில் சங்கத்துக்கு வந்த ஒவ்வொரு ரசீதையும் வருடவாரியாக நூல் கட்டி வைத்திருந்தார் அந்த மனிதர். அந்த டின் இல்லாவிட்டால் பழைய கணக்கை எங்களால் சரிசெய்திருக்கவே முடியாது. கூட்டம் நடத்தி, புதுச் செயலவை தேர்ந்தெடுத்து, விடுபட்ட அறிக்கைகளை ஏற்றி, கூட்டக் குறிப்பைக் கொண்டுபோய் வங்கியில் பெயர் மாற்றி முடிக்க ஐந்து மாதம் ஆனது.

பிறகு கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது மானியம் கேட்டுக் கொடுக்கும் திட்ட அறிக்கை. முதலில் எழுதியது 11 பக்கம். அதில் மூன்று பக்கம் தோட்ட மக்களின் வரலாறு, பட்ட கஷ்டம். எல்லாம் உண்மைதான். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. நேர்காணலில் இருந்த மலாய் அதிகாரி அம்மா அந்தப் பக்கங்களை மெதுவாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "பூடாக் பெராப்பா ஓராங்?" எத்தனை பிள்ளைகள், எந்த நாள், யார் கூட இருக்கிறார்கள், அதற்கு அத்தாட்சி என்ன?

அத்தாட்சி இருந்தது. எங்கள் அக்கா ஒருவர் முதல் நாளிலிருந்து 555 புத்தகத்தில் வருகை எழுதி வந்தார். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம். இரண்டு வருடத்துக்கு ஒன்பது புத்தகம். ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொண்டுபோயிருந்தோம். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி இருந்தது. அது என்ன என்று கேட்டார். அன்றைக்கு மதியம் சாப்பிடாமல் வந்த பிள்ளை என்று அக்கா சொன்னார். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, சாப்பாட்டுச் செலவைத் தனியாகப் பிரித்து, இந்தப் புள்ளிகளை மாதவாரியாக எண்ணி அட்டவணை போட்டு மறுபடியும் கொடுங்கள் என்றார். மூன்று பக்க வரலாற்றால் சொல்ல முடியாததை அந்தப் புள்ளி சொன்னது. இரண்டாவது கெர்த்தாஸ் கெர்ஜா ஆறே பக்கம்.

இன்னொரு கேள்வி எங்களை உண்மையிலேயே யோசிக்க வைத்தது: பலனை எப்படிக் காட்டுவீர்கள்? ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் இருந்தபோது எத்தனை ஏ என்று சொல்லிவிடலாம். 2021இல் அதை எடுத்துவிட்டார்கள், அடுத்த வருடம் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3யையும். நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரே தரத்தில் உள்ள மலாய்ப் பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்வது, தடுமாறாமல் வாசித்த சொற்களை எண்ணுவது. நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் பிப்ரவரியில் 19 சொல், ஆகஸ்டில் 52. முன்பெல்லாம் அவன் வாசிக்கும்போது புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கி மறைத்துக்கொள்வான். இப்போது மேசைமேல் வைத்துக்கொண்டு வாசிக்கிறான். அறிக்கையில் எண்களை மட்டும்தான் எழுதினோம்.

பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களைச் சோதித்தீர்களா என்றும் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு எதிரான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களின் பெயர்கள் உள்ள, சமூக நல இலாகாவின் ஈ-டிகேகே பதிவின் வழியாகச் செய்யலாம். கேட்காவிட்டாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். தொண்டு செய்ய வருபவரைச் சந்தேகிப்பதாகாதா என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. பிள்ளையை நம்பி விட்டுப்போகும் தாய்க்கு நாம் கொடுக்கும் பதில் அது, அவ்வளவுதான்.

48,000 வெள்ளி கேட்டோம், 30,000 கொடுத்தார்கள். மடிக்கணினி வெட்டுப்பட்டது, சாப்பாட்டுச் செலவு முழுசாகக் கிடைத்தது. இரண்டு தவணை. முதல் தவணைக்குக் கணக்குக் காட்டிய பிறகே இரண்டாவது. இதில்தான் சிக்கினோம். கடையில் கொடுக்கும் வழவழப்பான ரசீது நான்கு மாதத்தில் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடுகிறது. 17 ரசீதுகளை மறுபடியும் கடை கடையாக ஏறி வாங்கினேன். வாங்கிய அன்றே நகல் எடுத்து ஒட்டிவிடுங்கள். கையெழுத்துப் பில்லாக இருந்தால் கடை முத்திரை இல்லாமல் வாங்காதீர்கள்.

இரண்டாவது தவணை மூன்று மாதம் தாமதமாக வந்தது. அந்த மூன்று மாதமும் வகுப்பை நிறுத்தவில்லை. மளிகைக் கடை அண்ணன் ரொட்டியும் மைலோவும் கடனுக்குக் கொடுத்தார், தன் 555 புத்தகத்தில் எங்கள் சங்கத்தின் பெயரை எழுதிக்கொண்டு. அவர் மனசு வைத்ததால் பிழைத்தோம். அப்படி ஒருவர் இல்லாத ஊரில் வகுப்பு நின்றுபோயிருக்கும். சின்னச் சங்கங்களுக்காவது பெரும்பகுதியை முதலிலேயே கொடுக்க வேண்டும் என்று இறுதி அறிக்கையில் எழுதியிருக்கிறேன், அடுத்த நேர்காணலில் நேரிலும் சொல்வேன்.

இப்போது அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் தயாராகிறது. சுற்று வட்டாரத்தில் இப்படி வகுப்பு நடத்துபவர்கள் செவ்வாய் முதல் வியாழன் வரை மண்டபத்துக்கு வாருங்கள். எங்கள் ஆறு பக்கம், வருகை அட்டவணை, கூட்டக் குறிப்பு மாதிரி எல்லாம் கோப்பில் இருக்கிறது, நகல் எடுத்துத் தருகிறோம். நான்கு மணிக்கு வந்தால் மைலோவும் இருக்கும்.