பழைய காருக்கு ரேடியலா, கிராஸ்-பிளையா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசினால், பேச்சு எப்படியும் டயரில் வந்து நிற்கும். ஒரு சாரார் காரோடு வந்த கிராஸ்-பிளைதான் அழகு என்பார்கள். மற்றவர்கள் ரேடியல் போடாமல் ஓட்டுவதே ஆபத்து என்பார்கள். என்னைக் கேட்டால், டயரைப் பார்ப்பதற்கு முன் ரிம்மையும் சஸ்பென்ஷனையும் பார்க்க வேண்டும் என்பேன்.

பயாஸ்-பிளை என்றும் சொல்லப்படும் கிராஸ்-பிளை டயரில், இழை அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து பின்னியிருக்கும். பக்கச்சுவரும் தரையைத் தொடும் பகுதியும் ஒரே உடலாக இயங்குவதால், வளைவில் பக்கச்சுவர் மடங்கும்போது தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்தே நெளிகிறது. ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காகச் செல்ல, அவற்றின் மேல் எஃகுப் பட்டைகள் சுற்றிவருகின்றன. பக்கச்சுவர் வளைந்துகொடுத்தாலும் அடிப்பகுதி தட்டையாகவே பதிந்திருக்கும். மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை கோரி, 1949இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ரேடியல் பரவலானது எழுபதுகளில்தான். அதற்கு முந்தைய கார்களில் பெரும்பாலானவை கிராஸ்-பிளையை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை.

ஓட்டும்போது வேறுபாடு உடனே தெரிந்துவிடும். நைலான் இழை கொண்ட கிராஸ்-பிளை, இரவெல்லாம் நின்ற இடத்திலேயே அடி தட்டையாகிவிடும். காலையில் வண்டியை எடுத்தால், டயர் சூடேறி உருண்டை வடிவுக்குத் திரும்பும்வரை ஸ்டியரிங் தடதடக்கும். சாலையில் நீளவாக்கில் பள்ளக்கோடு இருந்தால் அதன் வழியே காரை இழுத்துக்கொண்டு போகும். ரேடியலில் இந்தத் தொல்லைகள் பெரிதும் இல்லை. ஈரச்சாலையிலும் பிடிமானம் கூடுதல், தேய்மானமும் குறைவு. ஆயினும் கிராஸ்-பிளை வழுக்கத் தொடங்குவதை முன்கூட்டியே உணர்த்தும்; ரேடியல் கடைசிவரை பிடித்திருந்துவிட்டுச் சட்டென்று விடும். பவர் ஸ்டியரிங் இல்லாத காரை நிறுத்தும் இடத்தில் திருப்புவதற்கும் ரேடியலில் கூடுதல் பலம் வேண்டும்.

ரேடியலுக்கு மாறுபவர்கள் பலர், சஸ்பென்ஷனில் சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டைப் பழைய கையேட்டின்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில், முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவான கேஸ்டர் கோணம் மிகக் குறைவு. ரேடியல் நேராக ஓட அதைச் சற்றுக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் கார் அலைபாயும், பழி மட்டும் டயர்மேல் விழும்.

ரிம் விஷயத்தில் அவசரம் கூடவே கூடாது. வளைவில் ரேடியல் தரையைக் கூடுதலாகப் பற்றுவதால், அந்த விசை முழுவதும் ரிம்முக்கு வருகிறது. பழைய ரிம்மைக் கழற்றி, போல்ட் துளைகளைச் சுற்றியும் நடுத்தட்டு வெளிவளையத்தோடு சேரும் இடத்திலும் பெயின்டைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது. பெயின்டுக்கு அடியில் மயிரிழை போலத் துருக்கோடு ஓடினால் அது பெரும்பாலும் விரிசல்தான். அந்த ரிம் எந்த டயருக்கும் உதவாது. டயரைப் பற்றி நிறுத்தும் மேடு இல்லாத ரிம்மிலும், கம்பிச் சக்கரத்திலும் ட்யூப் போடுவதே பாதுகாப்பு. ரேடியலுக்குள் போடும் ட்யூப் ரேடியலுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

அளவிலும் கவனம் தேவை. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் 5.60-15 டயருக்கு (5.60 அங்குல அகலம், 15 அங்குல ரிம்) இணையாகப் பலரும் போடுவது 165ஆர்15 (165 மில்லிமீட்டர் அகல ரேடியல், அதே ரிம்). அகலம் மட்டும் பொருந்துகிறதென்று உயரம் குறைந்த இக்கால டயரைப் போட்டால், ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும், எஞ்சினும் அதே வேகத்துக்கு அதிகமாகச் சுழலும்.

கண்காட்சிக்கு மட்டும் போகும் காருக்கும், ரிம் ரேடியலைத் தாங்காத மிகப் பழைய காருக்கும் கிராஸ்-பிளையே பொருத்தம். மற்ற வண்டிகளோடு நெடுஞ்சாலையில் ஓடும் கார் என்றால், ரிம் உறுதியாக இருக்கும்பட்சத்தில், தயங்காமல் ரேடியலைத் தேர்ந்தெடுப்பேன். பழைய தோற்றத்திலேயே வெள்ளைப் பட்டையோடு ரேடியல்களும் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் படித்துவிடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இரண்டு வகையையும் கலந்து போடாதீர்கள். குறிப்பாக, முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்-பிளையும் இருந்தால் வளைவில் பின்பக்கம் வெளியே வீசிவிடும். ஆகவே நான்கையும் மாற்றும்போது ஸ்டெப்னியையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும்.