பிணி

"உங்க சித்தப்பாவுக்கு அது ஒரு பிணி" என்று சித்தி சொன்னபோது ஏதோ நோய் என்றுதான் முதலில் பதறினேன். முதுமலை ஆனை முகாமில் காவடியாக, அதாவது பாகனுக்கு உதவியாளாக, இருந்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் வாரத்தில் இரண்டு நாள் கூடலூரில் முதல் பஸ் பிடித்துத் தெப்பக்காட்டுக்குப் போய்விடுகிறார், ஒரே ஒரு ஆனையைப் பார்க்க.

அந்தச் சொல் மனதிலேயே நின்றுவிட்டது. பிணித்தல் என்றால் கட்டுதல். உடம்பைக் கட்டிப்போடுவதால் நோயும் பிணி. பிணைக்கைதியில் இருப்பதும் கோர்ட்டில் கேட்கிற பிணையும் இதற்கு உறவுதான், ஒன்றில் ஆள் உள்ளே, மற்றதில் வெளியே! எனக்குப் பிடித்தது சங்கப் பாட்டில் மொட்டு மலர்வதைப் 'பிணி அவிழ்தல்' என்பது.

அப்புறம் குறள் 643, 'கேட்டார்ப் பிணிக்கும்' சொல். கேட்பவரை அப்படியே கட்டிப்போடுகிற பேச்சு என்று பள்ளியில் படித்ததுதான், ஆனால் எனக்கு அது புரிந்தது கராலை, ஆனையை அடைக்கிற மரக்கூண்டை, வைத்து.

2021 பிப்ரவரியில் சேரம்பாடிப் பக்கம் பிடித்த சங்கர் ஆனையைப் பலருக்கும் நினைவிருக்கும். மயக்க ஊசி போட்டு, பழக்கிய கும்கி ஆனைகளை வைத்து லாரியில் ஏற்றி, பெரிய மரங்களை அடுக்கிக் கட்டிய கராலில் அடைத்தார்கள். அதனால் மூன்று உயிர் போன ஊருக்கு வேறு வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை, ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்க நெஞ்சு அடைத்தது.

மரம் கட்டுவது உடம்பை மட்டும்தான் என்பார் சித்தப்பா. அவர் காலத்தில் அப்படி அடைத்த ஒரு ஆனையிடம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாராம், வீட்டுக் கதை, மழை, கடன், எதுவானாலும். முதலில் கரும்பை நீட்டினால் வாங்கி அவர் மேலேயே வீசும். பல நாள் கழித்து ஒரு விடியலில் இரண்டு மரங்களுக்கு நடுவே தும்பிக்கை நுனி மட்டும் மெதுவாக வெளியே வந்து, உள்ளங்கை வெல்லத்தைத் தொடாமல், மணிக்கட்டை மோந்ததாம். சூடான மூச்சு, ஈரம். சொல்லும்போது இப்பவும் அந்த மணிக்கட்டைத் தடவிக்கொள்வார்.

இப்போது அதற்கு வேறு பாகன். இவர் போய்ப் பேர் சொன்னால் போதும், தும்பிக்கை நேரே மணிக்கட்டுக்குத்தான் வரும். மதியம் வீடு திரும்பிச் சாப்பிடும்போதுகூட அந்தச் சட்டையை மாற்ற மாட்டார், சித்தியும் இப்போதெல்லாம் மாற்றச் சொல்வதில்லை.