டிரைவர் பஃபரில் மிஞ்சிய 'வேலூர்': செய்து பார்த்த அனுபவம்

கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டும் கியூஎமுவில், டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) எழுதப் பழகுபவர்களுக்கென்றே 'எடு' (edu) என்ற பிசிஐ சாதனம் ஒன்று இருக்கிறது. மென்பொருளாக மட்டுமே இருக்கும் அந்தச் சாதனத்துக்கு, வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டுக் கணினியில் ஒரு லினக்ஸ் டிரைவர் எழுதி வருகிறேன். அது 28 பிட் டிஎம்ஏ (செயலியின் உதவியின்றிச் சாதனமே நினைவகத்தைப் படித்து எழுதும் முறை) முகவரியையே ஏற்கும் என்பதால் மெய்நிகர் கணினிக்கு 256 எம்பி நினைவகம் மட்டும் கொடுத்தேன். நினைவகம் குறைவாக இருந்தால் ஒரு புரோகிராம் விட்டுச்சென்ற பக்கம் (4096 பைட் கொண்ட நினைவக அலகு) சீக்கிரமே அடுத்ததன் கைக்கு வரும் என்பதும் இந்தச் சோதனைக்கு வசதியாக அமைந்தது.

சாதனத்துடன் தரவைப் பரிமாற ஒதுக்கிய நினைவிடமான பஃபரை, எம்மேப் என்ற அழைப்பின் வழியாகப் பயனர் புரோகிராமுக்குத் திறந்துவிடும் கட்டத்தில், பழைய தரவு அதில் மிஞ்சுகிறதா என்று பார்க்க நினைத்தேன். நினைவகம் முழுவதும் 'வேலூர்' என்று எழுதிவிட்டு முடிந்துபோகும் சிறு புரோகிராம் ஒன்றை ஓட்டி, பிறகு கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அலாக்_பேஜ் மூலம் வாங்கிய பக்கத்தைத் திறந்தால் எல்லாம் பூஜ்ஜியம். உபுண்டு கெர்னலில், நினைவகத்தைக் கொடுக்கும்போதே பூஜ்ஜியமாக்கும் இனிட்_ஆன்_அலாக் இயல்பாகவே இயங்குவதுதான் காரணம், லினக்ஸ் 5.3 இல் வந்த அந்த வசதியை, கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் 0 ஆக்கிய பிறகே உண்மை தெரிந்தது. யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் அந்தச் சொல் 18 பைட். 4096 அதற்குச் சரியாக வகுபடாததால், பக்கம் சொல்லின் நடுவில் வெட்டுப்பட்டுத் தொடங்கி, பிறகு வேலூர் வேலூர் என்று கடைசி வரை ஓடியது.

எனக்குத் தேவைப்பட்டது 100 பைட் மட்டுமே என்பதால் அந்த 100 பைட்டை மட்டும் மெம்செட் மூலம் பூஜ்ஜியமாக்கிப் பார்த்தேன். எம்மேப் பக்கம் பக்கமாகத்தான் கொடுக்கும். எனவே மீதி 3996 பைட்டும் பயனருக்கு அப்படியே தெரிந்தது. கூடத்தை மட்டும் பெருக்கிவிட்டு வீட்டுச் சாவியை முழுதாகக் கொடுப்பது போன்றது இது. அதே 100 பைட்டை, டிஎம்ஏ பஃபர் ஒதுக்கித் தரும் டிஎம்ஏ_அலாக்_கோஹெரண்ட் மூலம் கேட்டபோது பக்கம் முழுவதும் சுத்தமாக வந்தது. அது அளவை முதலில் பக்க எல்லைக்கு உயர்த்திக்கொண்டு, உயர்த்திய அளவு முழுவதையும் பூஜ்ஜியமாக்குகிறது. முன்பு சில செயலிக் கட்டமைப்புகளில் இந்த உத்தரவாதம் கிடையாது. கிறிஸ்டோஃப் ஹெல்விக் 2018 டிசம்பரில் செய்த மாற்றம், 2019 மார்ச்சில் வெளியான 5.0 முதல் எல்லாக் கட்டமைப்புகளுக்கும் இதைப் பொதுவாக்கியது. பூஜ்ஜியமாக்கித் தருவதற்கென்றே தனியே இருந்த டிஎம்ஏ_ஜாலாக்_கோஹெரண்ட் அதனால் தேவையற்றுப்போய் நீக்கப்பட்டது.

டிஎம்ஏ நினைவகத்தைச் சிறு துண்டுகளாகத் தரும் டிஎம்ஏ_பூல்_அலாக் இந்த வகையில் சேராது என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பூல், காலியான துண்டுகளைச் சங்கிலியாகக் கோப்பதற்கான குறிப்பை அந்தத் துண்டுக்குள்ளேயே எழுதி வைக்கிறது. நான் வாங்கிய துண்டின் முதல் 8 பைட்டைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் நான்கு எஃப்களில் தொடங்கும் ஓர் எண் கிடைத்தது. அது அடுத்த காலித் துண்டின் கெர்னல் முகவரி. அதையடுத்த 8 பைட்டில் டிஎம்ஏ முகவரி இருந்தது. பழைய புரோகிராமின் எழுத்துகள் கசிவதைவிட இது மோசமானது. கெர்னலைத் தாக்க நினைப்பவர் தேடுவது இத்தகைய முகவரியைத்தான். டிஎம்ஏ_பூல்_ஜாலாக் என்று மாற்றியதும் அந்த 16 பைட்டும் பூஜ்ஜியமாயின. அடுத்ததாக, சாதனம் பஃபரைப் பாதி மட்டும் நிரப்பிவிட்டு நிற்கும் நிலையைச் சோதிக்கவிருக்கிறேன்.